ஏரி மண்ணில் ஒரு மலை

காஞ்சிபுரத்தில் மலை கிடையாது. கோபுரங்கள் உண்டு, ஆனால் அவற்றின் மேல் சைக்கிள் விட யாரும் அனுமதி தரப்போவதில்லை. இந்த ஊரில் மலை சைக்கிள் ஓட்டுகிற குழு ஒன்று இருக்கிறது, அதில் நானும் ஒருத்தி என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு இடுப்பைப் பார்ப்பார்கள். நான் பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கிறவள். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. சர்க்கரை வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பது பிடிக்காது. அவ்வளவு மெதுவாகப் போய், அவ்வளவு மெதுவாகத் திரும்பி வருவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

பெங்களூரில் வேலை கிடைத்துப் போன மகன், தன் தடித்த டயர் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் விட்டுப் போயிருந்தான். ஒரு நாள் காலையில் அதன் மேல் கிடந்த பழைய போர்வையை உருவிவிட்டுத் தெருவுக்கு இழுத்து வந்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தி சுடிதார் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினால் தறிச் சத்தமே ஒரு கணம் நிற்கும்.

"இன்னாக்கா, ஒலிம்பிக்குக்கா போயிக்கினு இருக்குறீங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஆமா, பின்னால எடம் இருக்குது. ஏறிக்கிறீங்களா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவர் எங்கள் தெருமுனைச் சாயக்காரர். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை வைத்திருக்கிறார். ஒரு வாரம் அவர் விரல்கள் மஞ்சளாக இருக்கும், மறுவாரம் அரக்கு நிறத்தில் இருக்கும். கை கொடுக்கும்போது நமக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கும். அவரோடு நாலைந்து நெசவாளிகள், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், சில கல்லூரிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் ஏனாத்தூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஓட்டப்போகும் ஏரிக்கரையின் அடியிலேயே, காலனியில் அவள் வீடு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஏரிக்கரைப் பாதை எங்களுடையது அல்ல. காலையில் எருமைகள் முதலில் போகும், பிறகு ஆடுகள், பிறகு வேலைக்குப் போகிற பெண்கள், கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கக் குறுக்கு வழியில் ஓடுகிற பிள்ளைகள். இத்தனை பேருக்கும் அப்புறம்தான் நாங்கள். ஆடு வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்பது குழுவின் முதல் விதி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பாதி, மண்வேலை பாதி என்பது இரண்டாவது விதி. சீமைக்கருவேல முள்ளை வெட்டுவோம், உடைந்த பாட்டில்களைப் பொறுக்குவோம், மழையில் அரித்த இடத்தில் மண் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவோம். ஓட்ட மட்டும் வந்து மண்வெட்டியைக் கண்டதும் முதுகு வலிக்கிறது என்பவர்களை நான் சும்மா விட்டதில்லை. எனக்கு வாய் நீளம் என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை.

அந்தக் கரையில் முதல் நாள் போனபோது நான் பேச்சு மறந்து போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் தண்ணீர், கண் எட்டுகிற தூரம்வரை. மறுபக்கம் தண்ணீரைவிடத் தாழ்வாகப் பச்சை நெல். நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு மண், அவ்வளவுதான். அந்த மண்ணை எந்தக் காலத்தில் யார் யார் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கோயிலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள். கரையைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. எனக்கு அன்று செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போனேன்.

மலைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஏரியைத் தூர் வாரியபோது மிஞ்சிய மண்ணைக் கரையின் கோடியில், புறம்போக்கு நிலத்தில், குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். களியும் சரளையும் கலந்த மண். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். புல் முளைத்து யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. சாயக்காரர்தான் அதை முதலில் மலை என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஒரு மாதத்தில் நாங்கள் எல்லோரும் அதை மலை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த மலையில் பாதை போட்ட கதையைச் சொன்னால் எங்கள் நெசவாளிகளுக்குக் கோபம் வரும். வரட்டும். முதல் பாதையை அவர்கள்தான் போட்டார்கள். ஒருவர் உச்சியில் நூலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடிவாரத்தில் பிடித்துக்கொள்ள, தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டுகிற மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டி, அந்த நூலுக்கு ஒரு விரல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாமல் வெட்டினார்கள். ஓரம் இரண்டும் புடவைக்கரை போல அப்படி ஒரு நேர்த்தி. எல்லோரும் நின்று ரசித்தோம். பிறகு மூத்த நெசவாளி ஒருவர் உச்சியிலிருந்து சைக்கிளை விட்டார். வளைவே இல்லாத பாதையில் வேகம் குறைய வழியே இல்லை. அடிவாரத்தில் திரும்பவும் இடம் இல்லை. அவர் நேராகப் போய்ச் சீமைக்கருவேலத்துக்குள் நுழைந்தார்.

சட்டையிலிருந்து நாங்கள் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். "ஓரம் சுத்தமாத்தான இருந்திச்சு," என்றார்.

அதற்குப் பிறகு கல்லூரிப் பெண் பாதையை வளைத்தாள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி சாய்வு வைத்தாள். வளைவுகளில் வெளிப்பக்கம் உயர்த்தினாள். கோடையில் ஏரியில் மிச்சமிருந்த குட்டையிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து தெளித்து, மண் பதமானதும் திமிசு போட்டோம். இரண்டு கோடை இப்படிப் போனது. முதல் முறை அந்தப் பெரிய வளைவில் நான் திரும்பியபோது சைக்கிள் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன், விழவில்லை. மண் என்னைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மிதித்துக் கெட்டிப்படுத்திய மண் என் எடையை வாங்கித் திருப்பி அனுப்பியது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு என்னால் விளக்க முடியாது. வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் தைத்த ரவிக்கையெல்லாம் ஒழுங்காக வந்தது.

ஆனால் மலையின் கிழக்குப் பக்கம் ஓர் இறக்கம் இருந்தது. கல்லூரிப் பெண் செதுக்கிய இறக்கம். உச்சியின் விளிம்பில் நின்று பார்த்தால் பாதையே தெரியாது, வெறும் வெளிதான் தெரியும். அவள் அதில் சிரித்துக்கொண்டே இறங்குவாள். நான் விளிம்புவரை போய் நிற்பேன். "இன்னிக்கு வேணாம்பா, இடுப்பு சரியில்ல," என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் இடுப்பு சரியில்லாமல் போனது. ஐப்பசி மழைக்கு முன்னால் கட்டாயம் இறங்கிக் காட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி வைத்திருந்தேன்.

எங்களை வேடிக்கை பார்க்க ஒருவர் தவறாமல் வருவார். கரைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயி. வெள்ளை மீசை, தலையில் துண்டு. எங்களைச் சர்க்கஸ்காரர்கள் என்பார். "சர்க்கஸ் எத்தினி மணிக்கு ஆரம்பிக்குது?" என்று கேட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு முறை மழை விட்ட மறுநாள் யாரோ கரையில் ஓட்டி, டயர் தடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. அவர் வந்து சத்தம் போட்டார், நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். ஆனால் அவர் சொன்னது நியாயம். தடத்தில் தண்ணீர் நின்றால் கரை ஊறிவிடும். அன்றிலிருந்து மண் காய்கிறவரை கரையில் யாரும் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். யார் டயர் தடம் என்று மண்ணில் பதிந்த பட்டை வடிவத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அவரையே வரவழைத்து மூட வைத்தோம். விவசாயி இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சர்க்கஸ் எப்போது என்று கேட்பதையும் விடவில்லை.

அந்த வருடம் மழை என் வாக்குறுதிக்காகக் காத்திருக்கவில்லை. பிடித்தது, விடவில்லை. தெருவில் பாவு நீட்ட முடியாமல் தறிகள் நின்றன, சாயம் போட்ட நூல் காயவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் கல்லூரிப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, கரை கசியுதுக்கா. எங்க வூட்டாண்டதான். மம்முட்டி, கடப்பாரையெல்லாம் எடுத்துக்கினு எல்லாரையும் வரச் சொல்லுங்க."

குழுவின் கருவிகள் சாயப்பட்டறையில்தான் இருந்தன. மண்வெட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சாலையில் முழங்கால் தண்ணீர். பைக்குகள் நின்று போன இடங்களிலெல்லாம் நாங்கள் போனோம், முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

கரையில் ஏறிப் பார்த்தோம். அவ்வளவு தண்ணீரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. உபரி நீர் போகிற கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஓடியும் ஏரி குறையவில்லை. கரை உச்சிக்கு ஒரு முழம் கீழே, சத்தமே இல்லாமல், சாம்பல் நிறத்தில் நின்றது. காற்று அடிக்கும்போது மட்டும் ஒரு அலை வந்து கரையைத் தொட்டுவிட்டுப் போகும். மறுபக்கம் பார்த்தால் காலனி வீடுகளின் கூரை என் காலுக்குக் கீழே இருந்தது. கல்லூரிப் பெண்ணின் வீட்டு வாசலில் மூட்டை முடிச்சுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலமாக இந்தக் கரையில் நான் ஓட்டியது ஒரு பாதையில் என்று நினைத்திருந்தேன். அது ஒரு கதவு. அதன் மேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கசிவு கரையின் வெளிப்பக்கம், அடியில் இருந்தது. தெளிந்த தண்ணீராக வந்தால் அவ்வளவு பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம் என்றார்கள். கலங்கித்தான் வந்தது. அதிகாரிகள் வந்திருந்தார்கள். சவுக்குக் கழிகள் இருந்தன, சாக்குகள் கட்டுக்கட்டாக இருந்தன. மண்தான் இல்லை. மண் ஏற்றி வந்த லாரி ஊர் எல்லையில் சேற்றில் புதைந்து நின்றது. சுற்றிலும் வெட்டிய இடமெல்லாம் கூழாக வந்தது. சாக்கில் போட்டால் வழிந்தது.

அந்த வெட்டவெளியில் கெட்டியான மண் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. எங்கள் மலை. சாய்வு வைத்துத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டதால் அத்தனை மழையிலும் கரையாமல் நின்றது. எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருந்தது.   

விவசாயி ஊர் ஆட்களை விட்டு விலகி எங்களிடம் வந்தார். தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேட்டுல கொஞ்சம் மண்ணு எடுத்துக்கலாமாம்மா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏன் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. "அது பொறம்போக்குதான. எங்ககிட்ட எதுக்குக் கேக்குறீங்க? தண்ணி வந்துக்கினு இருக்குது, வெட்டுங்க," என்றேன்.

"பொறம்போக்குதான்," என்றார் அவர். "ஆனா நீங்க பாடுபட்டுக்கினு இருந்தத நான் வாராவாரம் பாத்துக்கினுதான இருந்தேன். செஞ்சவங்கள கேக்காம எப்பிடிம்மா மம்முட்டிய வக்கிறது?"

அவருடைய நெல் முழுவதும் கரைக்குக் கீழே கதிர் விடுகிற பருவத்தில் இருந்தது. தண்ணீர் கலங்கி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில், யாருக்கும் சொந்தமில்லாத மண்ணுக்கு, சர்க்கஸ்காரர்களிடம் அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அனுமதி கேட்டார். எத்தனையோ கோயிலில் நின்றிருக்கிறேன். உடம்பு அப்படிச் சிலிர்த்தது அன்றுதான்.

நாங்கள் பதில் சொல்வதற்குள் கல்லூரிப் பெண் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். மலை மேல் ஏறினாள். அவள் செதுக்கிய அந்த இறக்கத்தின் விளிம்பில், நான் ஒவ்வொரு வாரமும் நின்று திரும்பிய அதே இடத்தில், ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

கடப்பாரை இறங்கவில்லை. கையோடு எகிறியது. இன்னொரு குத்து, அதுவும் எகிறியது. ஊர் ஆட்கள் ஏறி வந்து மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார்கள். சீவல் சீவலாகத்தான் வந்தது.

"இன்னாபா இது, சிமிட்டியா போட்டு வச்சிருக்குறீங்க?" என்றார் விவசாயி.

இரண்டு கோடை திமிசு போட்டதற்கு அன்று நாங்கள் வாங்கிய கூலி அது. சாயக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் எல்லோரும் சிரித்தோம். பிறகு எங்கே எப்போது மண் போட்டோம் என்று யோசித்தோம். ஒவ்வொரு முறையும் பழைய மண்ணின் மேல் புது மண்ணைப் போட்டு இடித்ததால் அடுக்கு அடுக்காக இருந்தது. பக்கவாட்டில், இரண்டு அடுக்குக்கு நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினாள் அவள். பலகை போல ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. பெரிய வளைவு முதலில் போனது. நான்தான் அதைச் சட்டியில் ஏற்றினேன்.

மலையிலிருந்து கசிவுவரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காலனிப் பெண்கள், ஊர் விவசாயிகள், நெசவாளிகள், கல்லூரிப் பிள்ளைகள். சட்டி கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. சாக்கு வாயைக் கட்டுவது நெசவாளிகள் வேலை. அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய விரல்கள், எங்கள் கண்ணுக்கே தெரியாமல் முடிச்சுப் போட்டன. சவுக்குக் கழி அடித்து மூட்டை அடுக்க ஆரம்பித்தபோது அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முள்ளில் விழுந்தாரே, அந்த மூத்த நெசவாளி, இடுப்பிலிருந்து நூலை எடுத்தார். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். மூட்டைகள் அந்த நூலை ஒட்டிச் சுவர் போல எழுந்தன. இந்த முறை நேராக இருந்ததுதான் சரி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கும்பிட்டேன்.

மதியம் தாண்டி, கலங்கி வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. விவசாயி அதைக் கையில் ஏந்திப் பார்த்தார், இன்னொரு முறை ஏந்திப் பார்த்தார். பிறகு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. கல்லூரிப் பெண்ணின் அம்மா பெரிய குண்டானில் டீ கொண்டு வந்தார். மலை இருந்த இடத்தில் இப்போது சப்பையாக ஒரு திட்டு. அதற்கு அப்பால் இதுவரை மறைந்திருந்த ஒரு பனைமரம் தெரிந்தது.

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல மண்ணுக்கா," என்றாள்.  எனக்கு அழுகை வந்தது. கரை நின்றதற்காகவா, மலை போனதற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறைக்கவும் இல்லை, அழுதேன்.

மழைக்காலம் முடிந்தது. கரை நின்றது, நெல் அறுவடையானது, காலனியில் ஒரு வீட்டுக்குள்ளும் ஏரித் தண்ணீர் நுழையவில்லை. நாங்கள் பழையபடி ஞாயிறுகளில் கரையில் ஓட்டினோம். கோடி வந்ததும் திரும்பிவிடுவோம். மலை இருந்த திட்டில் கொக்குகள் நின்றுகொண்டிருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி வருவேன். அந்த இறக்கத்தில் நான் ஒரு தடவைகூட இறங்கவில்லை. இடுப்பு சரியில்லை என்று பொய் சொன்ன அத்தனை ஞாயிறுகளும் நினைவுக்கு வரும். இப்போது இடுப்பு சரியாகத்தான் இருந்தது.

வைகாசியில் ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. வண்டல் மண் எடுக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். விவசாயிகள் டிராக்டரில் ஏற்றித் தங்கள் நிலத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வயலுக்கு அந்த மண் அவ்வளவு நல்லது. ஒரு ஞாயிறு காலை நான் கரையில் போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே கை நீட்டி யாரோ நிறுத்தினார்கள். விவசாயிதான். பின்னால் கரையின் கோடியில், மண் நிறைந்த டிராக்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று.

"ஊருல பேசிட்டோம்மா," என்றார். "கரையாண்ட எப்பவும் ஒரு மேடு இருக்கணும்னு முடிவாயிருக்குது. நீங்க ஓட்டிக்கினு அத கெட்டியா வச்சிக்கினு இருங்க. எங்களுக்கு வேணும்னா வந்து கேக்குறோம்."

 அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் திட்டைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"நிக்காதீங்கம்மா, சொல்லுங்க. உங்க மலைய எங்க கொட்டறது?"

கல்லூரிப் பெண் பின்னால் வந்து சைக்கிளை நிறுத்தியது கேட்டது. அவளும் நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அதே எடத்துலதான்," என்றேன். "ஆனா அந்த கெழக்குப் பக்கம், பழசவிட கொஞ்சம் ஒசரமா."